அந்தப் பொத்தானை அமுக்கினீர்களா?

அண்ணாமலை நகர்
9.9.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஞானசேகரன் எழுதிக்கொண்டது. நானும் ஸ்ரீமதியும் சுகம். சர்க்கரை இருவருக்கும் ஒரே அளவில் இருப்பதால் வீட்டில் பூசல் இல்லை. உங்கள் முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்ததாக அக்கா போனில் சொன்னாள். புது முட்டியோடு மூன்று மாதத்துக்கு பஸ் ஏறக் கூடாதாம். டாக்டர் சொன்னால் கேட்கிற ஆள் நீங்கள் இல்லை. அக்கா சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.

போனிலேயே பேசியிருக்கலாமே என்பீர்கள். அஞ்சல் துறையில் முடி நரைத்தவன் நான். வீட்டு நல்ல காரியத்தைத் தபாலில் அனுப்பாவிட்டால் வாங்குகிற பென்ஷன் செரிக்காது. தவிரவும், போனில் நீங்கள் ஆரம்பித்தால் எனக்கு முறை வருவதில்லை.

விஷயம் இதுதான். உங்கள் பெண் சத்யப்பிரியாவுக்குத் தை மாதக் கடைசியில் கல்யாணம். தாய்மாமன் என்ற முறையில் என் சீர், நம்முடைய ஸ்ரீமதி மகால். முதல்நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பிலிருந்து மறுநாள் மத்தியானச் சாப்பாடு வரை மண்டபம் உங்களுடையது. வாடகை என்ற சொல்லை நீங்கள் வாயில் எடுக்கக் கூடாது. எடுத்தால் நான் அக்காவிடம் பேசுவேன், அக்கா உங்களிடம் பேசுவாள்.

மண்டபத்தில் ஒரு சின்னக் குறை இருந்தது. மாப்பிள்ளை வாசலில் வந்து இறங்கும்போதெல்லாம் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. ஆவணி பிறந்ததும் எங்கள் எலக்ட்ரீஷியன் பக்கிரியை விட்டு அதைச் சரிசெய்துவிட்டேன். இப்போது போவதே இல்லை. "இனிமே எமனே வந்தாலும் கரண்ட் போவாது சார்" என்று உத்தரவாதம் கொடுத்திருக்கிறான்.

அக்காவுக்கு என் அன்பு. முட்டிக்கு என் மரியாதை.

ஞானசேகரன்

*

மஞ்சக்குப்பம், கடலூர்
15.9.2025

அன்புள்ள மச்சானுக்கு,

முட்டி நலம். என்னை விட்டுவிட்டுத் தானே நடந்து போய்விடும்போல் இருக்கிறது. உங்கள் கடிதத்தைச் சௌந்தரம் இரண்டு தரம் படித்தாள். இரண்டாவது தரம் தெரு முழுக்கக் கேட்டது. "பாத்தீங்களா என் தம்பிய" என்று காலையிலிருந்து எனக்கு உங்களைக் காட்டிக்கொண்டிருக்கிறாள், நான் உங்களை இதற்குமுன் பார்த்ததே இல்லை என்பதுபோல. சீரை மனமார ஏற்றுக்கொள்கிறோம்.

ஒரு சந்தேகம் மட்டும். சிப்காட்டில் ஒரு ஆலையின் மின்சாரத்தைக் கட்டி மேய்த்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகும் கான்ட்ராக்டர் லைசென்ஸை விடாமல் வைத்திருப்பவனுக்கு எமன் பெயரில் உத்தரவாதம் கொடுத்தால் தூக்கம் வராது. கரண்ட் போனது என்று எழுதினீர்கள். எதனால் போயிற்று என்று எழுதவில்லை. போகாமல் இருக்கப் பக்கிரி என்ன செய்தார் என்றும் எழுதவில்லை.

உங்கள் மெயின் போர்டில் சின்னச் சின்னதாக வரிசையாக இருப்பவை வயரைக் காப்பாற்றுபவை. வயர் சூடானால் விழும். அவற்றின் பக்கத்தில் கொஞ்சம் அகலமாக, டி என்று ஆங்கில எழுத்து போட்ட பொத்தானோடு ஒன்று இருக்க வேண்டும். ஆர்.சி.சி.பி. என்பார்கள். அது ஆளைக் காப்பாற்றுவது. உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். போன பையில் எத்தனை உருப்படி, வந்த பையில் எத்தனை என்று ஒத்துப் பார்ப்பீர்கள் அல்லவா? அதுவும் அப்படித்தான். போன கரண்ட் முழுக்கத் திரும்பி வருகிறதா என்று பார்க்கும். கொஞ்சம் குறைந்தாலும், அது வழியில் யார் உடம்பு வழியாகவோ தரைக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு உடனே அணைத்துவிடும். ஒரு சின்ன எல்.இ.டி. பல்பை எரிய வைக்கப் போதுமான கரண்ட் ஒரு ஆளை அணைக்கவும் போதும்.

அந்த டி பொத்தானை ஒரு தரம் அமுக்குங்கள். கருவி நல்லபடியாக இருந்தால் விளக்கு எல்லாம் அணையும். கருவியின் சுவிட்சை மேலே தூக்கினால் மறுபடி எரியும். அணைந்ததா இல்லையா, ஒரு வரி எழுதினால் போதும்.

தங்கச்சி ஸ்ரீமதிக்கு எங்கள் ஆசி.

மணவாளன்

*

அண்ணாமலை நகர்
3.10.2025

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். ஆயுத பூஜை நன்றாக நடந்தது. பொரி மீந்துபோய் இன்னும் அதைத்தான் தின்றுகொண்டிருக்கிறோம். பதில் தாமதத்துக்கு அஞ்சல் துறை காரணமல்ல.

கரண்ட் எதனால் போயிற்று என்று கேட்டிருந்தீர்கள். ஊரில் அதற்கு ஒரே பதில்தான்: மாப்பிள்ளை. முதல் தரம் ஒரு பேங்க் மாப்பிள்ளை. காரிலிருந்து இறங்கினார், ஆரத்தி சுற்றினார்கள், வலது காலை எடுத்து வைத்தார், மண்டபமே இருண்டது. நாதஸ்வரக்காரர் மட்டும் நிறுத்தவில்லை. அவருக்குக் கரண்ட் தேவையில்லை. பெண்ணின் அத்தை, "இன்னாடி இது, மாப்ள காலை வெச்சா வெளக்கு அணையுது!" என்றார். மாப்பிள்ளையின் அப்பா, "எங்க புள்ள ஈபியில வேலை பாக்கலைங்க" என்றார். அதோடு போயிற்று.

அடுத்தது ஒரு காலேஜ் வாத்தியார். அதே வாசல், அதே வலது கால், அதே இருட்டு. மூன்றாவது ஆள் நெய்வேலிக்காரர். இருண்டதும் அவரை வெளியே கூட்டிப் போய், மறுபடி ஆரத்தி சுற்றி, மறுபடி உள்ளே விட்டார்கள். மறுபடி இருண்டது. பெண் வீட்டார் அங்கேயே ஜாதகத்தை எடுத்து வைத்துக்கொண்டு செல்போன் வெளிச்சத்தில் பார்க்க ஆரம்பித்தார்கள். நல்லவேளையாக அதில் எழுத்து சரியாகத் தெரியவில்லை, தாலி கட்டிவிட்டார்கள். ஆனால் என் மண்டபத்துக்கு, மாப்பிள்ளைக்கு மார்க் போடுகிற மண்டபம் என்று பேராகிவிட்டது. அதன் பிறகுதான் பக்கிரியைக் கூப்பிட்டேன்.

நீங்கள் சொன்ன கருவி பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. நானே கண்ணால் பார்த்தேன். பூஜையன்று துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தோம். டி பொத்தான் மேலேயே பொட்டு அழகாக அமைந்துவிட்டது.

வேறு விசேஷம் இல்லை. அக்காவை மழையில் நனையாமல் இருக்கச் சொல்லுங்கள்.

ஞானசேகரன்

*

மஞ்சக்குப்பம்
9.10.2025

அன்புள்ள மச்சானுக்கு,

அனைவரும் நலம். முட்டிக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள். என் மகள் வயதுதான். என் ஆலை மேனேஜரை விடக் கண்டிப்பு.

பொட்டு வைத்தீர்கள், சந்தோஷம். அமுக்கினீர்களா?

உங்கள் மூன்று மாப்பிள்ளைகளையும் நான் விடுதலை செய்கிறேன். இரண்டு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். வாசல் வாழைமரத்தில் சீரியல் செட் விளக்கு சுற்றுகிறீர்களா? ஆரத்தி சுற்றிய தண்ணீரை எங்கே ஊற்றுகிறீர்கள்? இரண்டுக்கும் பதில் எனக்கே தெரியும். வாழைமரத்தின் அடியில் ஊற்றுவீர்கள். சீரியல் செட்டை ஒட்டுப் போட்டவன் இரண்டு வயரை முறுக்கிவிட்டு டேப் சுற்ற மறந்திருப்பான். வாழை என்பது நிற்கிற தண்ணீர்தான். காய்ந்திருக்கும்வரை எப்படியோ ஓடும். அடியில் ஒரு தட்டு ஆரத்தி விழுந்ததும் கரண்ட் ஒட்டிலிருந்து மரத்துக்கும் மரத்திலிருந்து தரைக்கும் இறங்கும். கருவி உடனே விழும்.

அந்தக் கருவி மாப்பிள்ளையைப் பார்க்கவே இல்லை மச்சான். வெறுங்காலோடு ஈரத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணைத்தான் பார்த்தது.

மண்டபம், கடை, விடுதி என்றால் இந்தக் கருவி இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் கேட்பதைச் சிலர் அரசாங்கத்தின் தொல்லை என்கிறார்கள். எனக்கு அதன் நியாயம் எளிதாகப் படுகிறது. வீட்டில் எந்த சுவிட்ச் கடிக்கும், எந்த கிரைண்டரைச் செருப்போடு தொட வேண்டும் என்று வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். மண்டபத்துக்கு வருகிறவர்களுக்குத் தெரியாது. நல்ல துணி உடுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரக் கையோடு நம்பி வருகிறார்கள்.

பொத்தானை அமுக்கிவிட்டு எழுதுங்கள். பொட்டு அழிந்தால் நான் வைத்துத் தருகிறேன்.

மணவாளன்

*

அண்ணாமலை நகர்
31.10.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நாங்கள் நலமே. அக்கா கொடுத்தனுப்பிய தீபாவளி அதிரசம் கிடைத்தது. சுத்தியல் கிடைக்கத்தான் நேரமாயிற்று. அவளிடம் இதைப் படித்துக் காட்ட வேண்டாம்.

ஆரத்தித் தண்ணீரை வாழைமரத்தின் அடியில்தான் ஊற்றுகிறோம். வேறெங்கே ஊற்றுவது? சீரியல் செட்டும் சுற்றத்தான் செய்கிறோம். அது இல்லாவிட்டால் மண்டபத்தை நெல் கோடவுன் என்பார்கள். சிப்காட்டில் இருந்து இருந்து உங்களுக்கு எதைப் பார்த்தாலும் ஆபத்தாகத் தெரிகிறது. பக்கிரி இந்தப் பக்கத்து லாட்ஜ்களுக்கெல்லாம் வருஷக்கணக்கில் வேலை பார்க்கிறவன். கடலூரிலிருந்து ஆள் வந்து அவன் வேலையைச் சோதித்தால் நான் அவன் முகத்தில் எப்படி விழிப்பது?

மனதில் இருப்பதை எழுதிவிடுகிறேன். சத்யப்பிரியாவுக்கு மொட்டை போட்டுக் காது குத்தியபோது என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். என் கையைக் கடித்தாள். அவளுடைய மாப்பிள்ளை என் வாசலில் கால் வைக்கும்போது விளக்கு அணைந்தால், நாளைக்கு அவர்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட, "தாய்மாமன் மண்டபத்துலயே அன்னிக்கே தெரிஞ்சுது" என்பார்கள். அதை அவள் காலம் முழுக்கக் கேட்க வேண்டும். மற்றவர்கள் வீட்டு மாப்பிள்ளைகள் மூன்று பேருக்கு நடந்ததை என்னால் தாங்க முடிந்தது. இதைத் தாங்க முடியாது.

ஆகவே கரண்ட் போகாது. அந்தப் பொறுப்பு என்னுடையது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞானசேகரன்

*

மஞ்சக்குப்பம்
6.11.2025

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். அதிரசம் பற்றிய வரியைச் சௌந்தரம் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள். நான் பொறுப்பல்ல.

சத்யப்பிரியா கடித்த கை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்த பிறகு உங்களோடு சண்டை போட எனக்கு மனம் இல்லை. நீங்கள் கரண்ட் போய்விடுமோ என்று பயப்படுகிறீர்கள். நான் போகாமல் இருந்துவிடுமோ என்று பயப்படுகிறேன். இருவரும் ஒரே வாசலில் ஒரே பெண்ணுக்காகத்தான் பயப்படுகிறோம்.

இரண்டு பயத்துக்கும் சேர்த்து ஒரே மருந்து இருக்கிறது. உங்கள் மண்டபத்தைக் கட்டிக் கொடுத்தவர் முழு மண்டபத்துக்கும் ஒரே கருவியை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அதனால்தான் வாசலில் கசிந்ததற்கு மேடை இருண்டது. வாசலுக்குத் தனியாக ஒன்று, சமையல்கட்டுக்குத் தனியாக ஒன்று, மேடைக்கும் கூடத்துக்கும் தனியாக ஒன்று என்று பிரித்துவிட்டால், வாசலில் கசிந்தால் வாசல் மட்டும் அணையும். உள்ளே ஃபேன் சுற்றும், மைக் பேசும், சாம்பார் கொதிக்கும். என் ஆட்கள் இரண்டு நாளில் செய்து கொடுப்பார்கள். பக்கிரியும் கூட இருக்கட்டும்.

இப்போது இருக்கிற கருவியை ஒதுக்கிவிட்டு யாராவது நேராக இணைத்திருந்தால், கருவி பெட்டியில்தான் இருக்கும், பொட்டும் அழகாக இருக்கும், டி பொத்தானை அமுக்கினால் ஒரு விளக்கும் அணையாது. அப்படி இருக்காது என்று நம்புகிறேன். அப்படி இருந்தால் கல்யாணத்தைத் திருவந்திபுரம் கோயிலில் வைத்துக்கொள்கிறேன். முகூர்த்த நாளில் அங்கே இருக்கும் கூட்டத்தில் நம் மாப்பிள்ளை யார், பக்கத்து மாப்பிள்ளை யார் என்று பார்த்துத் தாலி கட்டுவது கஷ்டம். ஆனாலும் பகல் வெளிச்சம் இருக்கிறது.

மணவாளன்

தம்பி சேகருக்கு அக்கா எழுதுவது: திருவந்திபுரம் எல்லாம் சும்மா. கல்யாணம் உன் மண்டபத்தில்தான். அந்தப் பொத்தானை அமுக்கித் தொலையேன்டா. அதிரசத்தைப் பற்றி நேரில் பேசிக்கொள்கிறேன்.

*

அண்ணாமலை நகர்
28.11.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். இங்கே நல்ல மழை.

போன முகூர்த்தத்தன்று மண்டப வாசலில் ஈரத்தில் ஸ்ரீமதி வழுக்கி விழுந்துவிட்டாள். இடது கையில் கட்டு போட்டிருக்கிறது. பயப்பட ஒன்றும் இல்லை. டாக்டர் பார்த்தார்.

வேறு விசேஷம் இல்லை.

ஞானசேகரன்

*

மஞ்சக்குப்பம்
6.12.2025

தங்கச்சி ஸ்ரீமதிக்கு,

அண்ணன் எழுதுவது. முதலில் கை எப்படி இருக்கிறது என்று எழுது. மற்றதெல்லாம் பிறகு.

கார்த்திகை தீபத்தன்று உன்னைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து சௌந்தரம் சரியாகப் பேசவில்லை. சௌந்தரம் பேசாமல் இருந்தால் வீட்டில் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்கிறது. எங்கள் வீட்டுக் கடிகாரத்துக்குச் சத்தம் உண்டு என்பதே எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

கட்டு மாற்றும்போது அவள் பார்த்தாளாம். உள்ளங்கையில் குறுக்காக ஒரு கறுப்புக் கோடு. மச்சான் எனக்கு எழுதிய கடிதங்களில் மிகச் சின்னது போன கடிதம்தான். மழை என்று ஒரு வரி, நீ விழுந்தாய் என்று நாலு வரி. மண்டபத்துக் கரண்ட் பற்றி ஒன்றும் இல்லை. அதுவே எனக்கு உறுத்தியது.

வழுக்கி விழுந்தால் மணிக்கட்டு பிசகும், முழங்கை சிராய்க்கும். உள்ளங்கையில் அப்படிக் கோடு விழாது. ஆலையில் நான் அந்தக் கோட்டைப் பார்த்திருக்கிறேன். விழும்போது எதைப் பிடித்திருந்தாய், அம்மா?

அண்ணன்
மணவாளன்

*

அண்ணாமலை நகர்
11.12.2025

அண்ணாவுக்கு,

ஸ்ரீமதி எழுதறேன். எழுதற கை நல்லா இருக்கு. இன்னொன்னும் தேவலாம். தோல் உரிஞ்சு புதுசு வந்துக்கிட்டு இருக்கு. உங்க முட்டி தேவலையா? அண்ணிய மறுபடி பேச ஆரம்பிக்கச் சொல்லுங்க, ஊர்ல மழை நிக்கும்.

வழுக்கலைங்க அண்ணா.

அன்னிக்கு பொண்ணு வூட்டுப் பொம்பளைங்க பியூட்டி பார்லர்லேருந்து வந்து சேரல. மாப்ள வாசல்ல நிக்கறாரு. "மண்டபத்துக்காரம்மா, நீங்களே சுத்திடுங்க"ன்னாங்க. சுத்துனேன். தண்ணிய அடியில ஊத்தறப்ப வாழை சாஞ்சுது. வுழப் போவுதேன்னு இடது கையால புடிச்சேன். அவ்ளோதான், கைய எடுக்க முடியல. கத்தணும்னு நெனைக்கறேன், வாய் வரல. மேளம் அடிச்சுக்கிட்டே இருக்காங்க. எல்லாரும் மாப்ளையப் பாக்கறாங்க. அப்புறம் கால் மடங்கி வுழுந்துட்டேன். வுழுந்த வேகத்துல வயரும் கூடவே புடுங்கிக்கிட்டு வந்துச்சு. அது வந்ததாலதான் இந்தக் கடுதாசி.

ஒரு பெரியம்மா, "பாத்து ஊத்தக் கூடாதாம்மா, மாப்ள வேட்டி கறையாச்சு பாரு"ன்னாங்க. கறைதான், நான் பாத்தேன்.

மண்டபத்துல ஒரு வெளக்குகூட அணையல அண்ணா.

மறுநாள் பக்கிரி வந்தாரு. "சாரு கேட்டுக்கிட்டாருன்னு டைரக்டா குடுத்தேம்மா"ன்னு சொல்லிட்டு வாசல்லயே நின்னாரு. உள்ள வரல. அன்னிலேருந்து இவரு மெயினை அமத்திப் பூட்டி வெச்சுட்டாரு. இருந்த ஒரு கல்யாணத்தையும் வேற மண்டபத்துக்கு மாத்தி வுட்டுட்டாரு. உங்ககிட்ட சொல்லாதேன்னு எங்கிட்ட சொல்லல. சொல்லுன்னும் சொல்லல. தபால்காரர் வந்தா எழுந்து நிக்கறாரு. நீங்க திட்டி எழுதுவீங்கன்னு காத்துக்கிட்டு இருக்காரு.

திட்டாதீங்க அண்ணா. திட்டினா கோவம் வந்துடும். கோவம் வந்தா அப்புறம் அந்தப் பொத்தான் பக்கமே போவ மாட்டாரு. இவர எனக்குத் தெரியும்.

ஸ்ரீமதி

*

மஞ்சக்குப்பம்
15.12.2025

அன்புள்ள மச்சானுக்கு,

நான் நலம். டாக்டர் பஸ்ஸில் ஏறலாம் என்று சொல்லிவிட்டார். சௌந்தரமும் சொல்லிவிட்டாள். ஆகவே இரண்டு பேர் கையெழுத்தும் வாங்கியாயிற்று.

நாளை மார்கழி பிறக்கிறது. கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மா இருக்கும். வருகிற திங்கட்கிழமை என் ஆட்கள் இரண்டு பேரோடு வருகிறேன். பக்கிரியை நிச்சயம் வரச் சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்த கட்டடம், அவர் இல்லாமல் எந்த வயர் எங்கே போகிறது என்று நாங்கள் நாள் முழுக்கத் தேட வேண்டியிருக்கும். அதுவரை போர்டு இருக்கிறபடியே இருக்கட்டும்.

காலையில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் வேண்டும். ஸ்ரீமதியைச் செய்யச் சொல்லாதீர்கள். கடையில் வாங்குங்கள், அல்லது நீங்கள் செய்யுங்கள். இரண்டாவது என்றால் நான் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

ஸ்ரீமதியின் கை ஆறிக்கொண்டு வருகிறது என்று நம்புகிறேன். வேறு கேள்வி இல்லை.

மணவாளன்

*

மஞ்சக்குப்பம்
3.1.2026

அன்புள்ள மச்சானுக்கு,

சௌக்கியமாக வந்து சேர்ந்தோம். புத்தாண்டுக்கு சௌந்தரம் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டாள். பாக்கி வைத்திருந்ததையும் சேர்த்துப் பேசுகிறாள்.

வேலை முடிந்துவிட்டது. வாசல், சமையல்கட்டு, கூடமும் மேடையும் என்று மூன்றாகப் பிரித்து, மூன்றுக்கும் தனித்தனிக் கருவி. எர்த் குழியையும் தோண்டிப் புதிதாகப் போட்டாயிற்று. சமையல்கட்டில் அந்தப் பழைய கிரைண்டரை மாட்டியதும் அதன் கருவி விழுந்தது. சமையல்காரர், "அது எப்பவும் லேசா கடிக்கும்ங்க, பழகிடுச்சு" என்றார். அதைப் பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறேன். பக்கிரி கடைசி நாள் மாலை என்னிடம் வந்து, "இன்னொரு தரம் யாரு டைரக்டா கேட்டாலும் குடுக்க மாட்டேன் மாமா" என்றார். என்னை எப்போதிலிருந்து மாமா என்கிறார் என்று தெரியவில்லை. நான் ஏற்றுக்கொண்டேன்.

மூன்று பொத்தானையும் நாங்கள் அமுக்கிப் பார்த்தோம். மூன்றும் விழுந்தன. நீங்கள் அந்த நேரத்தில் காபி வாங்கப் போயிருந்தீர்கள். ஒரு தம்ளர் காபிக்கு ரயிலடி வரை போக வேண்டியதில்லை. எதிர்க்கடையிலேயே இருக்கிறது.

மூன்று மாதத்துக்கு ஒரு தரமாவது மண்டபத்துக்காரர் தன் கையால் அமுக்கிப் பார்க்க வேண்டும். அது எலக்ட்ரீஷியன் வேலை இல்லை. இனிமேல் நான் கேட்க மாட்டேன்.

பத்திரிகை அச்சாகிவிட்டது. தாய்மாமன் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது.

மணவாளன்

*

அண்ணாமலை நகர்
27.2.2026

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். மணமக்கள் போன வாரம் மறுவிருந்துக்கு வந்து போனார்கள். சத்யப்பிரியா என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மாமா, நான் கடிச்ச தழும்பு காணோமே" என்றாள். மாப்பிள்ளை கொத்சு மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நல்ல பிள்ளை. நம்மைப்போல் கடிதம் எழுதுகிற வழக்கம் மட்டும் இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகு எழுதும் முதல் கடிதம் இது. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

மாப்பிள்ளை அழைப்பன்று வாசலில் விளக்கு அணைந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மாப்பிள்ளை இறங்கினார், ஸ்ரீமதி ஆரத்தித் தட்டோடு முன்னால் வந்தாள், வாசல் இருண்டது. உள்ளே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, மைக்கில் யாரோ யாரையோ தேடிக்கொண்டிருந்தார்கள். தட்டில் கற்பூரம் மட்டும் எரிந்தது. வீடியோக்காரர், "அப்பிடியே இருங்க, சூப்பரா வுழுது" என்றார். ஸ்ரீமதி நிதானமாகச் சுற்றி, வாழையடியில் தண்ணீரை ஊற்றிவிட்டு நிமிர்ந்தாள். அதற்குப் பிறகுதான் விளக்கு வந்தது.

நீங்கள் அப்போது வாழைமரத்தைப் பார்த்தீர்கள். பிறகு தரையைப் பார்த்தீர்கள். பிறகு கூட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்தீர்கள். நான் மெயின் போர்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். ஊருக்குப் போன மறுநாளே பக்கிரிக்குப் போன் போட்டு, வாசல் வயரை அங்குலம் அங்குலமாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறீர்கள். பார்த்தான். எங்கேயும் கசிவு இல்லை என்று உங்களுக்குச் சொல்லியிருப்பான்.

மாசி முகூர்த்தத்துக்குப் பண்ருட்டியிலிருந்து ஒரு வீட்டார் மண்டபம் கேட்டு வந்தார்கள். எல்லாம் பேசி முடித்துவிட்டு, "உங்க மண்டபத்துல ஆரத்திக்கு வெளக்க அமத்தற சம்பிரதாயம் உண்டாமே, அது எங்களுக்கும் உண்டுதானே?" என்று கேட்டார்கள். உண்டு என்றேன். நல்ல நேரம் குறித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இத்தனை வருஷம் எந்தச் சட்டம் சொல்லியும் இந்த வட்டாரத்தில் நடக்காத ஒன்று இனி ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் முறை தவறாமல் நடக்கும்.

ஸ்ரீமதியின் உள்ளங்கையில் கோடு மறைந்துவிட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிகிறது. நான் தினமும் பார்க்கிறேன் என்பது அவளுக்குத் தெரியாது.

பக்கிரியை இனிமேல் தேட விடாதீர்கள். அன்று வாசலில் எதுவும் கசியவில்லை. அவள் தட்டைக் கையில் எடுக்கும்வரை காத்திருந்தேன்.

செப்டம்பரில் ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள். பதில் தாமதத்துக்கு அஞ்சல் துறை காரணமல்ல.

அமுக்கினேன். விழுந்தது.

ஞானசேகரன்